தாழ்ப்பாளின் பிரியாவிடைகள்

வேலையை விட்டுப் போக நினைக்கிறவன் சாதாரணமாக என்ன செய்வான்? வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். எங்கள் மூன்றாம் பிரிவுக் கால்பந்துச் சங்கத்தில் அப்படியெல்லாம் போய்விட முடியாது. முதலில் மரியாதை செய்வார்கள். மரியாதை செய்து முடிக்கும்வரை ஆள் நகரக் கூடாது. எங்கள் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் தாழ்ப்பாள் அண்ணனுக்கு அவர்கள் மரியாதை செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சரியாகச் சொன்னால், பின்னாலிருந்து பார்த்தவன். நான் கோல்கீப்பர்.

தாழ்ப்பாள் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, ரசிகர்கள் வைத்தது. ரசிகர்கள் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, சனிக்கிழமை பிற்பகலில் வீட்டில் இருக்கப் பிடிக்காத சில பேர்தான் அவர்கள். அண்ணனுக்குப் பந்தோடு வித்தை காட்டவெல்லாம் வராது. காலில் பந்து வந்தால் மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார். எங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது ஒன்றே ஒன்று: "வெளிய அடி!" இளவட்டமாக எங்கள் கிளப்புக்கு வந்தவர், தலையில் முடி குறைந்து முழங்காலில் சத்தம் கூடும்வரை இங்கேயே இருந்துவிட்டார். மேல் பிரிவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கீழ்ப் பிரிவுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. தன் ஜெர்சியைத் தானே துவைத்துக்கொண்டு, ஷூவின் வாயைத் தானே ஒட்டிக்கொண்டு, வெளியூர் ஆட்டங்களுக்கு எங்களோடு பேருந்தின் கடைசி வரிசையில் குலுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

அவர் போக நினைத்ததற்கு முழங்கால் ஒரு சாக்குதான். உண்மையான காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் மைதானத்தையும் பள்ளிக்கூட மைதானத்தையும் ஓர் உயரமான சுவர் பிரிக்கிறது. அவருடைய ஒரே மகள் அந்தப் பள்ளி அணியில் ஆடுகிறாள். அவளும் தடுப்பாட்டம்தான், அவளுக்கும் ஐந்தாம் எண்தான். அவர்களுக்கும் சனிக்கிழமைதான் ஆட்டம். அந்தப் பக்கம் நடுவர் விசில் ஊதினால் இந்தப் பக்கம் அண்ணன் நின்றுவிடுவார். அதனால் நான் வாங்கிய கோல்கள் உண்டு. சில சமயம் கார்னர் எடுக்கக் காத்திருக்கும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். "கீப்பரே, இப்ப அடிச்சது என் பொண்ணு. சத்தம் கேட்டியா?" என்பார். மகள் ஆடி அவர் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அடுத்த வருடம் மேல்வகுப்புக்கு அவள் வேறு பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே மைதானமே கிடையாது. ஆக, பார்த்தால் இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இல்லை.

துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனார். செயலாளரின் அறையில் சுவர் நெடுகக் கோப்பைகள் நிற்கும். ஒன்றுகூட யாரும் ஜெயித்தது அல்ல. கோப்பை விற்கிற கடைக்காரர் மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனவை. செயலாளரின் நாற்காலி உயரம், எதிரில் உள்ள நாற்காலிகள் குள்ளம். உட்கார்ந்தால் மேசை விளிம்புக்கு மேல் நம் கண் மட்டும்தான் தெரியும்.

"சார், நான் இந்த வாரத்தோட நிறுத்திக்கிறேன்," என்றார் அண்ணன்.

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "நிறுத்திக்கிறதா? என்ன தம்பி பேச்சு இது? கடைய மூடிட்டுப் போற மாதிரி போயிடுவீங்களா? போன வருஷம் ஒருத்தன் சொல்லாம கொள்ளாம அப்படித்தான் போனான். என்ன ஆச்சு தெரியுமா? அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் கிளப்போட புள்ளியத்தான் பறிச்சோம். இன்னைக்கு நாலாம் பிரிவுல கெடக்குறாங்க."

"அய்யோ, கிளப்புக்கு ஒண்ணும் ஆக வேண்டாம் சார்."

"ஆகாது. முறையா பிரியாவிடை வாங்கிட்டுப் போங்க."

"விழா எல்லாம் எதுக்கு சார்? நான் சாதாரண தடுப்பாட்டக்காரன்."

"விழா உங்களுக்காகன்னு யார் சொன்னது?" செயலாளருக்கு நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டது. "பிரியாவிடைக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவங்களுக்கு வேலையே இல்ல. போறவன் எல்லாம் கால ஒடச்சிக்கிட்டு ஸ்ட்ரெச்சர்ல போறான், இல்ல கோச்சோட சண்ட போட்டுட்டுப் போறான். ரெண்டு கால்ல நின்னு மரியாதையா கேக்குற மொத ஆள் நீங்க. உங்கள விட்ருவோமா?"

விதி சுலபமானது. விடைபெறும் வீரர் கடைசி ஆட்டத்தை முழுவதும் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சங்கத் தலைவர் தம் கையால் கேடயம் கொடுக்க வேண்டும். கொடுத்த நொடியிலிருந்து அவர் ஓய்வு பெற்றவர். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஒரே ஒரு சனிக்கிழமைதானே என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

முதல் பிரியாவிடை அமர்க்களமாக நடந்தது. மேடை போட்டார்கள். அண்ணனின் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அங்கே விடுப்புச் சொல்லிவிட்டு வந்து மேடையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போது கைக்குட்டையை எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்வதற்குக் குழு ஓர் ஆளையே நியமித்திருந்தது. ஆட்டம் முடிந்து துணைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். தாம் இளமையில் கால்பந்து ஆட ஆசைப்பட்டதையும், வீட்டில் விடாததையும், விட்டிருந்தால் நாட்டுக்கே என்ன கிடைத்திருக்கும் என்பதையும் விரிவாகச் சொன்னார். எதிரணி முன்கள வீரன் ஒருவன் அதைக் கேட்டு அழுதான். பிறகு விசாரித்ததில், அவனுக்கு அன்று கணுக்காலில் அடியாம்.

எல்லாம் முடிந்தது, தலைவர் மட்டும் வரவில்லை.

"தலைவர் மனசால வந்துட்டார்," என்றார் செயலாளர். "ஆனா விதிப்படி ஒடம்பால வரணும். அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா."

அடுத்த சனிக்கிழமையும் மேடை போட்டார்கள். தலைவருக்கு ஒரு திறப்பு விழா. அதற்கடுத்த வாரம் அவருக்கு ஒரு மூடு விழா. இப்படியே போனதில், வெளியூர் மைதானங்களிலும் அண்ணனுக்குப் பிரியாவிடை நடக்க ஆரம்பித்தது. நாங்கள் போகிற ஊரெல்லாம் மேடையும் பேருந்தின் கூரைமேல் ஏறிக்கொண்டு எங்களோடு வந்தது. முன்பின் பார்த்திராத மனிதர்கள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாம எப்படி?" என்று கேட்டார்கள். அவர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "பாத்துக்கலாங்க," என்பார்.

நாலைந்து பிரியாவிடைக்குப் பிறகு குழு ஒரு புது விதி கொண்டுவந்தது. விடைபெறும் நாளில் மூத்த வீரரைப் பந்தோடு கடந்து போவது அவருடைய கண்ணியத்துக்கு இழுக்கு. கடந்தால் மஞ்சள் அட்டை. அதைக் கேட்டதும் எங்கள் கோச் ஓர் ஓரமாகப் போய் நின்று சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எதிரணி முன்கள வீரர்கள் பந்தை உருட்டிக்கொண்டு அண்ணன் வரைக்கும் வருவார்கள். வந்ததும் நிறுத்தி, குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பந்தை அவர் காலடியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். இவர் வழக்கம்போல் வெளியே அடிப்பார். கூட்டம் கைதட்டும். எங்கள் ஆட்கள் எப்படியாவது முட்டி மோதி ஒரு கோல் போட்டுவிடுவார்கள். ஆட்டம் ஆட்டமாக ஜெயித்தோம். பட்டியலின் அடியில் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்த கிளப், மேலே மேலே ஏறியது. என் கையுறையில் மண் படவே இல்லை. மழை நாளில்கூட உலர்ந்த சட்டையோடு வீட்டுக்குப் போனேன். சிறந்த கோல்கீப்பர் விருதுக்கு என் பெயர் அடிபடுவதாக வேறு சொன்னார்கள். முதலில் எனக்குப் பிடித்திருந்தது. போகப் போக வயிற்றெரிச்சலாக இருந்தது. என்னை நோக்கி ஒரு பந்தாவது வரட்டுமே என்று ஏங்கிய ஒரே கோல்கீப்பர் நானாகத்தான் இருப்பேன்.

வர்ணனையாளர் வானொலியில் கூவினார்: "வயது ஏற ஏற இவரைத் தாண்ட ஆளில்லை! என்ன ரகசியமோ!"

ஒருநாள் அண்ணனின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பூங்கொத்துகள் குவிந்து கிடந்தன. உட்கார இடமில்லாமல் நானும் அவரும் சமையலறையில் நின்றோம். அவர் முழங்காலில் ஐஸ் கட்டியிருந்தார்.

"என்னங்க, உங்க செயலாளர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றார் அண்ணி, தேநீரை ஆற்றிக்கொண்டே. "மொத வாரம் நெஜமாவே அழுதேன். ரெண்டாவது வாரம் மரியாதைக்கு அழுதேன். இப்பல்லாம் அந்த ஆளு கைக்குட்டைய எடுங்கன்னாலே சிரிப்பு வருது. போன வாரம் அடக்க முடியாம குலுங்கினேன். அத அழுகைன்னு நெனச்சு மேடையே கண்ண தொடைக்குது."

மகள் பள்ளிப் பையை வைத்துவிட்டு வந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருப்பாள். முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும்.

"அப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களா இல்லையா? டீச்சர் கேக்குறாங்க."

"பாதி ஆயிட்டேன்மா."

"நாங்க ஃபைனலுக்கு வந்துட்டோம். கடைசி சனிக்கிழமை. அன்னைக்காவது முழுசா ஆயிடுவீங்களா?"

அவர் ஐஸைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் செயலாளரைப் பிடித்து அவருடைய குள்ள நாற்காலியிலேயே கட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

அதிலிருந்து அண்ணன் தப்பிக்க வழி தேடினார். முதலில் கோச்சிடம் போனார். "என்னைப் பெஞ்சுல உக்கார வையுங்க." கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பிரிவுலயே நீதான் உச்ச ஃபார்ம்ல இருக்க. ஒன்ன உக்கார வெச்சா என்னை உக்கார வெச்சிடுவாங்க."

சரி, சிவப்பு அட்டை வாங்கினால் ஓர் ஆட்டமாவது வெளியே இருக்கலாம் என்று முடிவு செய்தார். பெனால்டி கட்டத்துக்குள் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, நடுவரிடம் காட்டினார். நடுவர் ஓடி வந்தார். அண்ணன் ஆவலோடு அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரின் கண் கலங்கியிருந்தது.

"பந்த விட்டுப் பிரிய மனசில்ல, கட்டிப் பிடிச்சிட்டீங்க. எனக்குப் புரியாதா?" என்றார்.

"இல்ல சார், தப்பு பண்ணேன். கார்டு குடுங்க."

"பிரியாவிடை நாள்ல உங்களுக்குக் கார்டு காட்டுற பாவம் எனக்கு வேண்டாம் சார்," என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அண்ணன் பந்தோடு திரும்பி, என்னை நோக்கி ஓடி வந்தார். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புது விதி வந்த பிறகு என்னை நோக்கி வந்த முதல் பந்து அது, அதையும் தடுக்க மனமில்லாமல் ஒதுங்கி நின்றேன். சொந்த கோல். அவர் வாழ்க்கையில் போட்ட ஒரே கோல் அதுதான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. எதிரணி கேப்டன் நடுவரிடம் ஓடி, "இந்த கோல் எங்களுக்கு வேண்டாம், இத வாங்கிட்டா ஊர்ல எங்கள காறித் துப்புவாங்க," என்று கெஞ்சினான். நடுவர் கோலை ரத்து செய்தார். அன்று மாலை செயலாளர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எதிரணிக்கே நினைவுப் பரிசு குடுக்கப் பாத்தீங்களே, என்ன பெருந்தன்மை!"

"சார், எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமை வேணும்," என்றார் அண்ணன். "கடைசி சனிக்கிழமை என் பொண்ணுக்கு ஃபைனல். பக்கத்துலதான், சுவத்துக்கு அந்தப் பக்கம். ஒரு வாரம் விடுங்க."

"அன்னைக்கா?" செயலாளர் பதறிப்போனார். "அன்னைக்குத்தான் தலைவர் வர்றார் தம்பி! இந்தத் தடவ சத்தியமா வர்றார். மூணு வருஷமா தலைவரா இருக்கார், மொத மொதல்ல மைதானத்துக்கு வரப்போறார். நீங்க இல்லன்னா அவர் யாருக்குக் குடுப்பார்?"

கடைசி சனிக்கிழமை வந்தது. அன்று ஜெயித்தால் எங்கள் கிளப் இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிடும். அண்ணி மேடையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைக்குட்டை ஆள். குழுவினர் வாசலில் பூங்கொத்தோடு நின்றார்கள். ஆட்டம் தொடங்கியது, எதிரணி வணக்கம் வைத்துப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. அண்ணன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவருடைய முதுகு அவ்வளவு கூனி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்டத்துக்கும் பள்ளி ஆட்டத்துக்கும் இடைவேளை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தது. எங்கள் மைதானத்துக்குப் போகும் சாலையில் முதலில் வருவது பள்ளிக்கூட வாசல். இது மைதானத்துக்கு வந்து பழகியவர்களுக்குத் தெரியும். தலைவர் வந்து பழகவில்லை. கார் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. அங்கே வரிசையாக நாற்காலி, ஒரு மைக், இரண்டு அணிகள். தலைவர் இறங்கி, மைக்கைப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து உரையை எடுத்தார். யார் இவர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இறங்கிய தோரணையைப் பார்த்து விளையாட்டு ஆசிரியை உட்பட எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். இந்தப் பக்கம் எங்களுக்கு ஒலிபெருக்கியில் குரல் மட்டும் கேட்டது.

"ஐந்தாம் எண் தடுப்பாட்டக்காரர் எங்க? முன்னால வரச் சொல்லுங்க."

எங்கள் வாசலில் நின்ற செயலாளரின் முகம் வெளுத்தது. "தலைவர் குரல் மாதிரி இருக்கே," என்றார்.

"இவங்களோட ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் நேர்ல பாத்திருக்கேன்," என்று தொடர்ந்தது குரல். காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார் என்பது சுவரைத் தாண்டியும் தெரிந்தது. "ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல. அந்தக் காலத்துல இளம் காளையா உள்ள வந்தவங்க, இன்னைக்கு முழங்கால் தேய்ஞ்சு, முடி கொட்டி..."

இங்கே ஒரு சின்ன அமைதி. அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். எதிரில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கிற ஒரு பெண் நிற்கிறாள். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக் காரில் ஏறியிருப்பார்கள். இவர் தலைவர்.

"...ஆனா பாருங்க, வயசே தெரியல! இதுதான் கட்டுப்பாடு! பழக்கவழக்கம் நல்லா இருந்தா ஒடம்பு இப்படி நிக்கும். கல்யாணம் காட்சி, புள்ள குட்டி எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டு விளையாட்டே கதின்னு இருந்த தியாகி இவங்க. இனிமேலாவது சனிக்கிழமை ஆச்சுன்னா பிள்ளைகளோட சந்தோஷமா இருங்க. சரியா?"

"சரிங்க சார்," என்றது மகளின் குரல், மைக்கில் தெளிவாக.

கைதட்டல் கேட்டது. கேடயம் கைமாறிவிட்டது. கார் கிளம்பும் சத்தமும் கேட்டது.

இந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. அண்ணி மட்டும் மேடையில் குலுங்கிக்கொண்டிருந்தார். கைக்குட்டை ஆள் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. குழு அவசரமாகக் கூடி நின்று பேசியது. பிறகு செயலாளர் மைதானத்துக்குள் வந்தார்.

"தலைவர் குடுத்துட்டார்," என்றார்.

"எனக்குக் குடுக்கலையே சார்," என்றார் அண்ணன் பயந்துபோய். "என் பொண்ணுக்கு இல்ல குடுத்தார்?"

"ஆள் மாறிப் போச்சுன்னு சொல்றீங்களா? தலைவர் தப்பு பண்ணிட்டார்ங்கறீங்களா?" செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சங்கத்துல அப்படி ஒண்ணு நடந்ததே கெடையாது, இனிமேலும் நடக்காது. ஐந்தாம் எண் தடுப்பாட்டக்காரருக்குத் தலைவர் கையால கேடயம் குடுத்தாச்சு. தலைவர் குடுத்துட்டா ஆட்டமும் முழுசா முடிஞ்ச மாதிரிதான். இந்த நொடியிலேர்ந்து நீங்க ஓய்வு. ஓய்வு பெற்றவர் மைதானத்துக்குள்ள நிக்கக் கூடாது. வெளிய போங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். ஏதோ மறுபடியும் ஏமாற்று வேலை என்று நினைத்திருப்பார். பிறகு அவருக்கு உறைத்தது. வாசல் பக்கம் போகவில்லை. வாசல் வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேராகச் சுவரைப் பார்த்து ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடியதை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. சுவரடியில் போய் எம்பினார், கை எட்டவில்லை. நான் ஓடிப்போய் என் இரண்டு கையையும் கோத்துக் கொடுத்தேன். எதிரணி முன்கள வீரர்கள் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள்.

சுவர் உச்சியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பார்த்தார். "கீப்பரே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். வாசல் வழியாகப் போன அண்ணி அவருக்கு முன்னாலேயே போய், ஒரு நாற்காலியைப் பிடித்துவைத்துக் காத்திருந்தாராம்.

இரண்டாம் பாதி தொடங்கியது. கண்ணிய விதி அண்ணனுக்கு மட்டும்தான், எங்களுக்கு இல்லை. முதல் பாதி முழுக்க வணக்கம் வைத்து வைத்து முதுகு வலித்துப்போயிருந்த எதிரணி, அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பாய்ந்து வந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, என் கால் இடுக்கில் ஒன்று. எங்கள் தடுப்பாட்டத்தில் ஒருவனுக்கும் பந்தை எடுக்கத் தெரியவில்லை, அத்தனை வாரம் வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டார்கள். இரண்டாம் பிரிவு, சிறந்த கோல்கீப்பர் விருது எல்லாம் என் கண்ணெதிரே காலியானது. கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். செயலாளர் என் கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, உங்களுக்கும் வயசாகுதே, ஓய்வப் பத்தி யோசிச்சீங்களா?" என்று கேட்டார். நான் காது கேட்காதவன் மாதிரி நின்றேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அத்தனை பிள்ளைகளின் கூச்சலையும் மீறி ஒரு குரல் எழுந்தது.

"வெளிய அடி! வெளிய அடிம்மா!"

அதற்குப் பின்னாலேயே மகளின் குரல்: "அப்பா, சும்மா உக்காருங்க! எனக்குத் தெரியும்!"

பந்து ஒன்று சுவரைத் தாண்டி உயரப் பறந்து வந்து எங்கள் மைதானத்தில் விழுந்தது. நல்ல அடி, சத்தமே சொன்னது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் வலை இன்னொரு முறை அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.